பிள்ளைகளுக்கு மிஷனெரி நாள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக மிஷனெரி நாள் நடத்தத் திட்டமிடும் ஆசிரியர்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். சென்னைச் சபைகளில் நெடுநாளாகச் சிறுவர் ஊழியத்தில் இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பெரம்பூர் ஆசிரியை: அக்கா, அரை நாள்தான் கிடைத்திருக்கிறது. ஐந்து மிஷனெரிகளைப் பற்றிச் சொல்லலாம் என்று பாஸ்டர் நினைக்கிறார். சரிவருமா?

வேண்டாம் சிஸ்டர். ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செய்த வேலையைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும். ஐந்து பேரின் கதையைக் கேட்ட பிள்ளைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு பெயர்கூட நினைவில் இருக்காது.

முதல் தடவை நடத்துகிறீர்கள் என்றால் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனெரி சீகன்பால்க் நல்ல தேர்வு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இங்கிருந்த சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அதனால் கதைக்கு முன்னால் தட்டுகளில் மணலைப் பரப்பி வைத்துவிடுங்கள். சின்னவர்கள் மணலில் எழுதட்டும். பெரியவர்களுக்கு அச்சு வேலை. ஃபோம் ஷீட்டில் எழுத்து வெட்டி, அட்டையில் ஒட்டி, போஸ்டர் கலர் தடவித் தாளில் அழுத்த வேண்டும். திருப்பி ஒட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். ‘ப’ வைத்திருக்கும் பிள்ளை தப்பித்துவிடும், ‘க’ வைத்திருப்பவன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, எழுத்து திரும்பி வந்திருச்சு!” என்று கத்துவான். அந்த நேரத்தில் சொல்லுங்கள்: ஜெர்மனியில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன, அவ்வளவு காகிதத்துக்கு எங்கே போவது? அப்புறம் இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் தங்கள் வேதாகமத்தை எடுத்துப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

வேளச்சேரி சகோதரர்: மிஷனெரி என்றாலே வெள்ளைக்காரர்தான் என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

ரொம்ப அவசியமான கேள்வி. அசரியா ஐயரின் கதையைச் சொல்லுங்கள். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நம் மக்களே காணிக்கை போட்டு, நம் மக்களையே ஊழியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். பிறகு அவரே தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபை) முதல் இந்தியப் பேராயர் ஆனார். பிள்ளைகளுக்கு நான்கு தெலுங்கு வார்த்தைகள் கற்றுக்கொடுத்து, அதை மட்டும் வைத்துச் சாப்பாடு கேட்கச் சொல்லுங்கள். வேறு மொழி பேசும் ஊருக்குப் போவதே எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்துகொள்வார்கள்.

தாம்பரம் ஆசிரியர்: பிள்ளைகளை வெளியே எங்காவது கூட்டிப்போக நினைக்கிறோம். வேன் ஒன்று இருக்கிறது.

மெரினாவுக்குப் போங்கள், காலை ஆறரைக்கே. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகளில் மிஷனெரிகளான ஜி.யு. போப், கால்டுவெல், வீரமாமுனிவர் மூவரும் இருக்கிறார்கள். “திருவள்ளுவர், ஔவையார் சிலைகளின் வரிசையில் இவர்களுக்கு எதற்குச் சிலை?” என்று கேட்டு, பிள்ளைகளையே பதில் தேட விடுங்கள். போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அங்கேயே ஆளுக்கொரு குறள் சொல்லலாம். அப்படியே சாந்தோம் போகலாம். இன்னொரு நாள் சின்னமலையும் பரங்கிமலையும் பார்க்கலாம். இயேசுவின் சீடரான தோமா அப்போஸ்தலர் இங்கே வந்தார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் பாரம்பரியம். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லுங்கள். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயத்தில் தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆனால் அது தலைமைச் செயலக வளாகம். சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு அங்கே சிரமம்.

அண்ணா நகர் ஆசிரியை: ஏமி கார்மைக்கேல் நாடகம் போடுகிறோம். வெள்ளைக்காரியாக நடிக்கும் பிள்ளைக்குப் பவுடர் பூசி, மற்றவர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசலாமா?

தயவுசெய்து வேண்டாம். கறுப்பு என்றால் பாவப்பட்டவர்கள், வெள்ளை என்றால் காப்பாற்ற வந்தவர் என்று ஒரே நாளில் பிள்ளை மனதில் பதிந்துவிடும். அயர்லாந்தில் பிறந்த ஏமி அம்மையார் சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தவர். விடிந்து கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பின்னாளில் சேலை கட்டிக்கொண்டு தமிழ்ப் பெண்கள் நடுவே போனபோது அந்தக் கண்தான் உதவியது. இதை நாடகமாக்க ஒரு சேலை போதும். கோயிலிலிருந்து தப்பி அவரிடம் வந்த சிறுமியின் கதை சின்னவர்களுக்கு வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொன்னாலும் யாருடைய மதத்தையும் பழிக்காமல் சொல்லுங்கள். உங்கள் வகுப்பிலேயே இந்து வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-இல் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் சாகும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அதை அழுத்திச் சொல்லுங்கள்.

ராயபுரம் சகோதரி: வட மாநிலத்தில் இருக்கும் மிஷனெரி குடும்பத்தோடு வீடியோ காலில் பேச வைக்கலாமா? காணிக்கையும் சேர்க்கிறோம்.

தாராளமாக. அவர்களை அனுப்பிய சங்கத்திடம் முதலில் கேளுங்கள். பேசுவதைப் பதிவு செய்யவோ, ஊர்ப் பெயரோடு ஸ்டேட்டஸ் வைக்கவோ வேண்டாம். சில பணித்தளங்களில் அது அவர்களுக்கு ஆபத்து. கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும். “அங்கே இட்லி கிடைக்குமா?”, “உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான்?” என்றுதான் கேட்பார்கள், அதுவே நல்ல கேள்வி. காணிக்கையைச் சங்கத்தின் வழியாக அனுப்பி, ரசீதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

கொளத்தூர் ஆசிரியர்: செலவுக்குப் பணமே இல்லை.

ஃப்ளெக்ஸ் பேனரை விட்டுவிடுங்கள், பாதிச் செலவு போய்விடும். மணல், பழைய அட்டை, சேலை எல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

அம்பத்தூர் ஆசிரியர்: பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அவர்களுக்கு மணல் தட்டைக் கொடுத்தால் அப்படித்தான். தனியாக உட்கார வைத்து ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லுங்கள். திண்டிவனம், ஒரே இரவு. மூன்று வீட்டிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க இளம்பெண்ணான ஐடாவைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வரக் கூடாது என்கிறார்கள். இவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, “நீ அந்த வீட்டில் இருந்திருந்தால்?” என்று கேளுங்கள். அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள், பேசட்டும். அப்புறம் மிச்சக் கதை: அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவச் சேவையைத் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. வேலூருக்குப் போய் வைத்தியம் பார்த்தவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். ஒருவரை அழைத்து வந்து, பையன்களையே அவரிடம் கேள்வி கேட்க விடுங்கள்.