எர்லாங் பிடித்த பையனுக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் ஜாவா, பைத்தான் என்று ஓடுகிறார்கள். இவன் எர்லாங் என்று ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மொழியைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி ஒரு மணி வரை முகம் தெரியாத ஆட்களோடு எழுதிக்கொண்டிருக்கிறான். பிளேஸ்மென்ட் போய்விடுமோ என்று தூக்கம் வரவில்லை.

அம்மா, உங்கள் பயத்தில் பாதி நியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேம்பஸுக்கு வந்து மொத்தமாக ஆள் எடுக்கிற கம்பெனிகள் ஆப்டிட்யூட் வைக்கும், பிறகு கோடிங் டெஸ்ட் வைக்கும். அதில் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் இவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் எழுதச் சொல்வார்கள். அங்கே எர்லாங் செல்லாது. ஆகவே பையன் ஜாவாவோ பைத்தானோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு மணி நேரம் கோடிங் கணக்குப் போட்டே ஆக வேண்டும். இதில் பேரம் இல்லை.

மீதிப் பாதிக்கு வருகிறேன். உங்கள் போனில் வாட்ஸ்அப் இருக்கிறதல்லவா? அதன் சர்வர் எர்லாங்கில் எழுதப்பட்டது. 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, சுமார் 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். பொறியாளர்கள் 40 பேர்கூட இல்லை.

அவ்வளவு குறைந்த ஆட்கள் சமாளித்ததற்கு மொழியும் ஒரு காரணம். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில், 1986 வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக உருவாக்கியது அது. ஒரு அழைப்பில் கோளாறு வந்தால் அந்த அழைப்பு மட்டும்தான் அறுந்துபோக வேண்டும், மற்றவர்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் அறையில் ஃபியூஸ் போனால் வீடே இருட்டாகக் கூடாது என்பது மாதிரி. அதனால் வேலையை லட்சக்கணக்கான குட்டிக் குட்டி பிராசஸாகப் பிரித்து, விழுந்ததை மறுபடி எழுப்பிவிட மேலே ஒரு கண்காணிப்பாளரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1998-ல் எரிக்சனுக்குள்ளேயே புதிய தயாரிப்புகளில் இதைப் பயன்படுத்தத் தடை போட்டார்கள். அதே ஆண்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக வெளியே வந்தது, பிழைத்துக்கொண்டது. பிறகு பிரேசில்காரர் ஜோஸே வாலிம் அதே அடித்தளத்தின் மேல் எலிக்ஸிர் மொழியைக் கட்டினார். பையன் அதையும் தொட்டுப் பார்க்கட்டும். இன்று இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பலர் அதன் வழியாகத்தான் வருகிறார்கள்.

வேலை? குறைவுதான், மறைக்க மாட்டேன். அதிலும் பெரும்பாலானவை நாலைந்து வருட அனுபவம் கேட்கும். ஆனால் எர்லாங்காரர்களின் ஊர் சின்னது, ஒருவரை ஒருவர் தெரியும். ஜாவாவில் கேட்கிற கேள்வி கூட்டத்தில் கரைந்துபோகும். இங்கே சில நேரம் லைப்ரரியை, அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்துகிற கோடுத் தொகுப்பை, எழுதியவரே பதில் சொல்வார். அந்த முகம் தெரியாத ஆட்களில் அவரும் இருக்கலாம்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, "நீ கேட்ட ஒரு கேள்வியைக் காட்டு கண்ணா" என்று கேளுங்கள். ஆங்கிலமோ கோடோ உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. 'ஓடவில்லை, உதவுங்கள்' என்று ஒற்றை வரி போட்டிருந்தால் அரட்டைதான் நடக்கிறது. எந்த வெர்ஷன், வந்த எரர் என்ன, கோளாறு தெரிகிற பத்துப் பன்னிரண்டு வரிக் கோடு, தான் ஏற்கெனவே செய்து பார்த்தது என்ன என்றெல்லாம் எழுதியிருந்தால், வேலைக்குப் போன பிறகு பலர் தட்டுத்தடுமாறிப் பழகுவதை உங்கள் பையன் இப்போதே பழகிவிட்டான். அடுத்தவர் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

ரெஸ்யூமேயில் 'எர்லாங் தெரியும்' என்று எழுதி பிரயோஜனமில்லை. ஒரு லைப்ரரியில் சின்னத் திருத்தம் செய்து, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த லிங்க்கைப் போடச் சொல்லுங்கள். டாக்குமென்டேஷனில் ஒரு பிழையைச் சரிசெய்ததாக இருந்தாலும் சரி. அடுத்த ஆறு மாதத்தில் அப்படி இரண்டு இருந்தால் போதும்.

ராத்திரி ஒரு மணி என்பதைப் பதினொன்றாக்குங்கள். அரியர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அந்தப் பேப்பர் முடிகிறவரை எர்லாங்கை மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள்.