பொதுப் பெட்டியைத் திறந்தது யார்? கூட்டாகக் கட்டும் விளையாட்டுகளில் சாமான் கணக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளை இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். சாமான் காணாது (போதாது) என்பவர்கள் ஒரு பக்கம், வைத்த சாமானைக் காணவில்லை என்பவர்கள் மறுபக்கம். பெரும்பாலான கேள்விகள், கட்டைகளை வெட்டியும் அடுக்கியும் உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டின், கணினிக்கான ஜாவா பதிப்பைப் பற்றியவை. வேறு விளையாட்டு வரும் இடத்தில் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ஏழு பேர் சேர்ந்து ஒரு சேர்வர் நடத்துகிறோம். ஓ.எல். சோதனை முடிந்து நான் திரும்பி வந்தால், எங்கள் ஊரைச் சுற்றி உள்ள குகைகள் எல்லாம் வெறுமை. ஒருவனிடம் மட்டும் இரண்டு பெட்டி நிறைய டயமண்ட். புது உலகம் தொடங்குவோம் என்றால் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. (கொக்குவில்)

கேட்காததுதான் நல்லது தம்பி. புது உலகம் தொடங்கினாலும் அடுத்த சோதனைக்கு இதே நிலைமைதான் வரும்.

வெட்டிய டயமண்ட் அதே இடத்தில் திரும்ப முளைக்காது, அது உண்மை. ஆனால் அந்த உலகம் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு ஏறக்குறைய 60 மில்லியன் கட்டைகள் அகலம். ஆக, தீர்ந்து போனது டயமண்ட் இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டயமண்ட். இதை வைத்துத்தான் தீர்வு தேட வேண்டும்.

முதல் வேலை, வெட்டுவதற்கென்று ஒரு தனி உலகம். மல்டிவெர்ஸ் என்ற பிளகினை (சேர்வருக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரலை) போட்டால் ஒரே சேர்வரில் இரண்டு உலகம் வைத்திருக்கலாம். வீடு, கோட்டை, பண்ணை எல்லாம் ஒன்றில். சுரங்கம் வெட்டுவதும் மரம் தறிப்பதும் மற்றதில். வெட்டும் உலகத்தை மாதம் ஒருமுறை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். எந்த நாளில் அழிப்பீர்கள் என்பதை ஒரு கிழமைக்கு முன்பே வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே பெட்டி வைத்திருந்த ஒருவர் நிச்சயம் சண்டைக்கு வருவார்.

அடுத்தது, எப்படி வெட்டுவது. 2021 கடைசியில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு உலகத்தின் அடி -64 வரை இறங்கிவிட்டது. டயமண்ட் கூடுதலாகக் கிடைப்பது அடித்தட்டுக்குச் சற்று மேலே, வை மட்டம் (உயரக் கணக்கு) -59 அளவில். பழைய நினைவில் 11, 12 என்று நின்று தோண்டுபவர்களை இன்னும் பார்க்கிறேன். அதைவிடப் பெரிய நட்டம், சும்மா பிக்காக்ஸால் (குந்தாலியால்) டயமண்டை உடைப்பது. ஃபோர்ச்சூன் மூன்று என்ற மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸ் என்றால் ஒரு கட்டைக்குச் சராசரியாக 2.2 டயமண்ட் வரும். சும்மா பிக்காக்ஸுக்கு ஒன்றுதான். ஆகவே குழுவுக்குப் பொதுவாக ஒரு ஃபோர்ச்சூன் பிக்காக்ஸ் வையுங்கள். அது கைக்கு வரும்வரை, கண்ட டயமண்டை உடைக்காமல் பக்கத்தில் ஒரு தீப்பந்தத்தை நட்டு இடத்தைக் குறித்து வையுங்கள்.

எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறுகளில் இறைப்பு முறை வைத்தது தண்ணீர் வற்றிய பிறகு அல்ல. இதுவும் அப்படித்தான். சோதனைக்குப் போகிறவருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முதல் நாளே பேசியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சரி, அந்த இரண்டு பெட்டிக்காரர்? அவரிடம் பறிக்க வேண்டாம், அவர் இரவிரவாகத் தோண்டியது அது. டயமண்ட் உடுப்பையும் ஆயுதத்தையும் வில்லேஜர்களிடம், அதாவது விளையாட்டே ஓட்டும் ஊர்வாசிகளிடம், எமரால்ட் என்ற பச்சைக் கல்லுக்கு வாங்கலாம். டூல்ஸ்மித் பிக்காக்ஸ் விற்பார், ஆர்மரர் கவசம் விற்பார். எமரால்டுக்கு வழி, ஃபிளெட்சரிடம் (அம்பு செய்பவரிடம்) குச்சி விற்பது: 32 குச்சிக்கு ஒரு எமரால்ட். 64 மரக்குற்றியைப் பலகையாக்கிக் குச்சியாக்கினால் 512 குச்சி, அதாவது 16 எமரால்ட். அத்தோடு ஃபிளெட்சரின் அந்த வியாபாரம் பூட்டிவிடும். அவர் தன் மேசையில் வேலை செய்து திரும்பத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். நாலைந்து ஃபிளெட்சரை வைத்துக்கொண்டால் ஒரு பின்னேரத்திலேயே நண்பரின் டயமண்டின் மதிப்பு இறங்கிவிடும். அவரே விற்க வருவார்.

எந்த நேரமும் இன்வென்டரி நிறைந்துபோய் நிற்கிறது. எதை எறிவது? (சுன்னாகம்)

இன்வென்டரி என்ற கைப்பையில் உங்களிடம் இருப்பது 36 இடம்தான், கீழ் வரிசை ஒன்பதையும் சேர்த்து. அதில் கத்தி, பிக்காக்ஸ், மருந்துப் போத்தல் போன்றவை ஆளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்டர் பேர்ல், முட்டை, வெறும் வாளி எல்லாம் ஓர் இடத்தில் 16க்கு மேல் அடுக்க முடியாது. மற்றவற்றில் பெரும்பாலானவை 64. ஆகவே கற்களை எறிவதை விட, ஒவ்வொன்றில் இரண்டு மூன்றாகக் கிடக்கும் பூ, விதை, எலும்பு இவற்றை ஒதுக்குங்கள். இடத்தைத் தின்பது அவைதான். 2024 ஒக்டோபரில் வந்த பண்டில் பை இதற்கென்றே செய்தது: ஒரு தோல், ஒரு நூல், அவ்வளவுதான் செலவு. ஓர் அடுக்கு அளவுக்குப் பல வகைச் சாமானைக் கலந்து போடலாம்.

டிராகன் வாழும் எண்ட் உலகத்தின் நகரத்துக்குப் போய்விட்டால் கதையே வேறு. அங்கே கிடைப்பதை வைத்துச் செய்யும் ஷல்கர் பெட்டி ஒன்றுக்குள் 27 இடம், உடைத்தாலும் உள்ளே இருப்பது கொட்டாது. 27 ஷல்கரை உங்கள் எண்டர் பெட்டிக்குள் (அவரவர் சாமான் அவரவருக்கு மட்டும் தெரியும் பெட்டி) வைத்தால் 729 இடம், 64 படி 46,656 சாமான். ஷல்கருக்குள் ஷல்கர் மட்டும் போகாது.

எனக்கு இரண்டு பெடியள், பத்தும் பதின்மூன்றும். சின்னவனுடைய பெட்டியில் இருந்து பெரியவன் எடுக்கிறான் என்று தினமும் அழுகை. விளையாட்டை நிறுத்துவதா? (மானிப்பாய்)

நிறுத்த வேண்டாம் அக்கா. சின்னவருக்கு எண்டர் பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். எட்டு ஒப்சிடியன் கல்லும் ஓர் எண்டர் கண்ணும் வேண்டும். அந்தப் பெட்டியை யார் திறந்தாலும் அவரவர் சாமான்தான் அவரவருக்குத் தெரியும். பெரியவர் திறந்தால் பெரியவருடையது, சின்னவர் திறந்தால் சின்னவருடையது. உடைத்தாலும் உள்ளே இருப்பது போகாது, இன்னொரு எண்டர் பெட்டியில் அப்படியே இருக்கும். போனில் விளையாடினாலும் இது உண்டு. ஒப்சிடியன் வெட்ட டயமண்ட் பிக்காக்ஸ் வேண்டும். அதைப் பெரியவரே வெட்டிக் கொடுக்கட்டும், எடுத்ததற்குத் தண்டமாக.

லாவாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது லைன் அறுந்தது. திரும்ப உள்ளே வந்தால் செத்துப்போய்க் கிடக்கிறேன், சாமான் ஒன்றும் இல்லை. கீப் இன்வென்டரியை (செத்தாலும் சாமான் கையிலேயே இருக்கும் அமைப்பை) போடச் சொன்னால் அட்மின் அண்ணா அது ஏமாற்று வேலை என்கிறார். (சாவகச்சேரி)

லைன் அறுந்தது சேர்வருக்கு உடனே தெரியாது. சில நொடிகளுக்கு உங்கள் உருவம் அங்கேயே சும்மா நிற்கும், அடி வாங்கும். அதில் செத்தது உங்கள் பிழை அல்ல. என்னைக் கேட்டால், இணைப்பு நம்பிக்கையில்லாத ஊரில் கீப் இன்வென்டரி போடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. எல்லோருக்கும் நல்ல ஃபைபர் லைன் இருக்கிற குழு என்றால் போடாமல் விடலாம். சாவுக்குப் பயம் இருந்தால்தான் நல்ல கவசத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: செத்த இடத்தில் சாமானைப் பெட்டியாகக் கட்டி வைக்கும் கல்லறை பிளகின்கள். அட்மின் அண்ணாவிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்.

போடாவிட்டால் இதைத் தெரிந்து வையுங்கள். விழுந்த சாமான் 5 நிமிடத்தில் மறையும் என்பது பாதி உண்மை. அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் கணக்கு. நீங்கள் தூரத்தில் எழும்பி, அங்கே வேறு ஒருவரும் இல்லை என்றால் கணக்கு நின்றுவிடும். ஆகவே உதவிக்கு என்று ஒருவரை அந்தப் பக்கம் அனுப்பினால் நேரம் ஓடத் தொடங்கிவிடும். அவருக்கு இடம் சரியாகத் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். லாவாவுக்குள் விழுந்தது எரிந்துவிடும். நெதரைட் உலோகத்தில் செய்த சாமான் மட்டும் எரியாமல் மிதக்கும்.

பொதுப் பெட்டியில் இருந்து இரும்பு குறைந்துகொண்டே போகிறது. யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் காட்ட முடியவில்லை. (பருத்தித்துறை)

தெரியும் என்று இப்போது சொல்லாதீர்கள். முதலில் கோர்ப்ரொடெக்ட் பிளகினைப் போடுங்கள், பேப்பர் வகைச் சேர்வரில் ஓடும். அதன் இன்ஸ்பெக்ட் கட்டளையை அடித்துவிட்டு அந்தப் பெட்டியில் வலது பக்கம் சொடுக்கினால் ஒரு பட்டியல் வரும்: யார், எத்தனை மணி நேரத்துக்கு முன், எந்தச் சாமான், எத்தனை எடுத்தார், எத்தனை போட்டார். போட்ட நாளில் இருந்துதான் பதிவாகும், பழைய கணக்கு வராது. அதனால் இன்று போட்டுவிட்டு ஒரு கிழமை வாய் திறக்காமல் இருங்கள்.

பல குழுக்களில் இந்தப் பட்டியலைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், திருட்டு என்று வந்த புகார்களில் கணிசமானவை திருட்டே இல்லை. ஒருவர் சாமானைத் தானாகக் கடத்தும் ஹொப்பர் செய்கிறார், ஒன்றுக்கு ஐந்து இரும்பு. இருபது செய்தால் நூறு போய்விடும். அவர் அதைப் பொதுப் பண்ணைக்குத்தான் வைத்தார், சொல்ல மறந்துவிட்டார். பெட்டிக்கு மேலே ஒரு பலகை நட்டு, ஓர் அடுக்குக்கு மேல் எடுத்தால் குழுவில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் பட்டியலை அவருக்குத் தனியாகக் காட்டுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

டிராகன் முட்டை யாருக்கு? (காரைநகர்)

டிராகனை முதல் முறை கொல்லும்போது வரும் அந்த முட்டை ஓர் உலகத்துக்கு ஒன்றுதான். டிராகனைத் திரும்ப அழைத்துக் கொன்றாலும் இரண்டாவது முட்டை வராது. அதற்கு அலங்காரம் தவிர வேறு பயனும் கிடையாது. ஆகவே அடிபட வேண்டாம், ஊர் நடுவில் ஒரு மேடை கட்டி வையுங்கள். அடிபட வேண்டியது எலிட்ராவுக்கு, பறக்க உதவும் சிறகுக்கு. எண்ட் நகரத்துக் கப்பலுக்கு ஒன்றுதான், முதலில் போகிறவர் பக்கத்துக் கப்பல் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வருவார். ஆளுக்கு ஒன்று கிடைக்கும்வரை எவருக்கும் இரண்டாவது இல்லை என்று இப்போதே பேசி வையுங்கள்.

பழைய லப்டொப்பில் சேர்வர் ஓட்டுகிறேன். தானாகச் சாமான் பிரிக்கும் களஞ்சியம் கட்டிய நாளில் இருந்து இழுவை. (திருநெல்வேலி)

ஹொப்பர்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு ஹொப்பரும் தனக்கு மேலே ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும். மேலே பெட்டியோ கொம்போஸ்டர் என்ற உரத்தொட்டியோ இருந்தால் அந்தத் தேடலை விட்டுவிடும். திறந்து கிடக்கும் ஒவ்வொரு ஹொப்பர் மேலும் ஒரு கொம்போஸ்டர் வையுங்கள், இழுவை குறைவது தெரியும். ஒரு ஹொப்பர் நொடிக்கு 2.5 சாமான், மணிக்கு 9,000 கடத்தும். பண்ணை அதைவிடக் கூடத் தந்தால் மிச்சம் நிலத்தில் கொட்டிக் கிடந்து இன்னும் இழுக்கும். களஞ்சியம் நிறைந்தால் பண்ணை நிற்க ஒரு ரெட்ஸ்டோன் (விளையாட்டுக்குள் இருக்கும் மின்சுற்று) பூட்டு போடுங்கள். தேவைக்கு மேல் இரும்பைச் சேர்த்து என்ன செய்யப்போகிறீர்கள்?

ரோப்லொக்ஸில் (விளையாட்டுகளை நாமே செய்து வெளியிடும் தளத்தில்) நானே ஒரு கட்டும் விளையாட்டுச் செய்கிறேன். இருவர் சாமான் மாற்றிக்கொள்ளும்போது ஒருவர் திடீரென்று வெளியேறினால், அதே வாள் இருவரிடமும் இருக்கிறது. (யாழ். பல்கலைக்கழக மாணவர்)

இந்த முறை வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. மேலே உள்ளவர்கள் பகிரத் திண்டாடுகிறார்கள், உங்கள் உலகத்தில் சாமான் தானாகக் குட்டி போடுகிறது.

நடப்பது இதுதான். கொடுத்தவரின் இன்வென்டரி ஒரு பதிவு, வாங்கியவரின் இன்வென்டரி இன்னொரு பதிவு. வாங்கியவருடையது சேமிக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவருடையது சேமிக்கப்படும் முன் அவர் வேறு சேர்வரில் புகுந்தார், அங்கே வாளோடு இருந்த பழைய பதிவு ஏறிவிட்டது. இதற்கு முதலில் பூட்டு வேண்டும்: ஒருவரின் பதிவு ஒரு சேர்வரில் திறந்திருக்கும்வரை மற்றச் சேர்வர் அதை ஏற்றக்கூடாது, காத்திருக்க வேண்டும். பூட்டைப் பதிவுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். சேர்வர் விழுந்தால் ஆள் நிரந்தரமாக வெளியே நிற்காமல் இருக்க, பூட்டுக்குக் காலாவதி நேரமும் வையுங்கள். சேமிக்கும்போது செட்அசிங் என்ற சேமிப்புக் கட்டளையை விட்டு அப்டேட்அசிங் என்பதைப் பாவியுங்கள். அது இருக்கும் மதிப்பை வாசித்துவிட்டுத்தான் எழுதும், பூட்டைச் சரிபார்க்க இடம் கிடைக்கும்.

பூட்டு மட்டும் போதாது, இரண்டு பதிவை ஒரே மூச்சில் மாற்ற முடியாது. அதனால் மாற்றத்தையே மூன்றாவது பதிவாக எழுதுங்கள்: தனி இலக்கம், யார் யாருக்கு எதைக் கொடுத்தார். ஒவ்வொருவர் பதிவிலும் எந்த இலக்கம் வரை கழித்தாயிற்று என்ற குறிப்பு இருக்கட்டும். இடையில் யார் ஓடினாலும், அடுத்த முறை உள்ளே வரும்போது அந்த இலக்கத்தைப் பார்த்து வாளைக் கழித்துவிடலாம், இரண்டு முறை கழியவும் மாட்டாது. அரிய சாமானுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள இலக்கம் கொடுத்தால், ஒரே இலக்கம் இரண்டு இடத்தில் தெரிந்த கணமே பிடித்துவிடலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விளையாடுபவரின் போன் சொல்லும் எண்ணிக்கையை ஒருபோதும் நம்பாதீர்கள். "ஐம்பது பலகை சேர்" என்ற செய்தியைச் சேர்வர் ஏற்றுக்கொண்டால், யாராவது அதை ஐயாயிரமாக்கி அனுப்புவார். போன் கேட்கலாம், "இந்த மரத்தை வெட்டுகிறேன்" என்று. ஆள் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாரா, கையில் கோடரி இருக்கிறதா, மரம் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து, எத்தனை பலகை என்று முடிவு செய்வது சேர்வரின் வேலை.

பள்ளிக்கூடக் கழகத்துக்கு மைன்கிராஃப்ட் வாங்கக் காசு இல்லை. (கரவெட்டி)

லுவான்டியைப் பாருங்கள். மைன்டெஸ்ட் என்று இருந்தது 2024இல் பெயர் மாறியது. இலவசம், திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும். வாத்தியாரின் கணினியைச் சேர்வராக்கி, ஆய்வுகூடத்து உள் வலையிலேயே விளையாடலாம், இணையம் தேவையில்லை. மைன்கிராஃப்டுக்குக் கிட்டிய அனுபவம் வேண்டுமென்றால் அதற்குள் மைன்குளோனியா அல்லது வொக்செலிப்ரே போடுங்கள். மைன்டெஸ்ட் கேம் என்ற அடிப்படை விளையாட்டில் ஓர் அடுக்கு 99. பிள்ளைகள் வருவதற்கு முன் ஏரியாஸ் என்ற மொட் (கூடுதல் நிரல்) ஒன்றை ஏற்றி, ஒவ்வொரு வகுப்புக்கும் நிலத்தைப் பிரித்துப் பூட்டிவிடுங்கள். வந்த பிறகு பிரிக்கப் பார்த்தால், எட்டாம் வகுப்பு ஒன்பதாம் வகுப்பின் கூரையை ஏற்கெனவே கழற்றியிருக்கும்.