வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைத் தவிர, கொரோனா நம் சமூக வாழ்க்கையில் நிரந்தரமாக மாற்றியது எது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குபவர் என்று தோன்றுகிறது. தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் கொரோனா கைவைத்தது மொய் விருந்தில்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு குடும்பம் கறிவிருந்து வைத்து ஊரை அழைக்கும்; முன்பு அக்குடும்பத்திடம் மொய் வாங்கியவர்கள் அதைத் திருப்பிச் செய்வதோடு, முடிந்தால் மேலே கூட்டியும் எழுதுவார்கள். பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பத்தின் முறை வரும். மொய் நோட்டைத் தவிர வேறு பத்திரம் கிடையாது. இதை மூடப்பழக்கம் என்று பின்னூட்டத்தில் எழுத வருபவர்கள், வட்டியில்லாமல் லட்சக்கணக்கில் தரும் வேறு இடத்தையும் சேர்த்தே எழுதட்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, 2020 ஆடியில் வரவேண்டிய மொய்யை நம்பியே என் தந்தை மறுநடவுக்குக் கடன் வாங்கினார். அந்த ஆடியில் ஊர்கூடும் எதற்கும் அனுமதியில்லை. ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ். கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் இறுதி வரை அவகாசம் அனுமதித்திருந்தும், அம்மாவின் குழுக்கடனை வசூலிக்க வந்தவர்கள் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மொய்யோ யாரும் அறிவிக்காமலேயே நின்றுபோனது. கேட்டால், "விருந்து வைங்கண்ணே, செஞ்சுடுறோம்" என்றார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. இலை போடாமல் மொய் கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. வாங்கியவரைக் கொடுக்க வைப்பதும் பந்தியில் கூடும் ஊர்க் கண்கள்தாம்.

பிறகு, சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருந்த உறவினர் சிலர் தாங்களாகவே வங்கிக் கணக்கில் அனுப்பினார்கள். நிரந்தர மாற்றம் என்று நான் கருதுவது இதைத்தான். வராமலே மொய் செய்யலாம் என்பது அன்று நெருக்கடிக்கான சலுகை. இன்று விருந்துக்கான அழைப்புப் பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சாகிறது. 2022 ஆடியில் வேறு சில குடும்பங்களோடு கூட்டாக நாங்கள் விருந்து வைத்தபோது பணம் ஓரளவு வந்தது. ஆனால் சாப்பிட எத்தனை பேர் வருவார்கள், எத்தனை கிடா அறுப்பது என்று சமையல்காரர் கேட்டதற்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.