சளிகூடப் பிடிக்காத உடம்பு

ஐயா,

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை பார்த்தவர் அப்பா. குதிகாலில் ஒரு கரும்புள்ளி. முள் குத்திய தழும்பு என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டோம். இப்போது மெலனோமா என்ற தோல் புற்று, பிராஃப் மரபணு மாற்றமும் இருக்கிறது என்கிறார்கள். சளிகூடப் பிடிக்காத மனுஷர். எதிர்ப்பு சக்தி இதை மட்டும் எப்படி விட்டது? சாப்பாட்டில் குறை வைத்துவிட்டேனோ என்று அம்மா அழுகிறார். கஷாயம் கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், ஏற்காடு)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பாவின் எதிர்ப்பு சக்தி பலமாகவே இருந்திருக்கும். அதன் கண்ணில் படாமல் புற்று ஒளிந்துகொண்டது.

சேலம் செவ்வாய்பேட்டை அரிசி மண்டியில் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். குத்தூசியைச் செருகி உருவினால் அதன் குழிவில் கொஞ்சம் அரிசி வரும். உள்ளங்கையில் தட்டிப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவார்கள். உடம்பில் காவல் சுற்றும் டி செல்களும் மாதிரியைத்தான் பார்க்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமில நீளத் துணுக்குகளாக வெளிப்பக்கம் ஏந்தி நிற்கும். ஏந்தும் கைக்கு எம்ஹெச்சி என்று பெயர். துணுக்கு வேற்றாளாகத் தெரிந்தால் டி செல் அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

பிராஃப் மரபணுவில் ஒரே எழுத்து மாறினால் போதும், புரதத்தின் 600ஆவது இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்து உட்காரும். அப்புறம் 'வளர்' என்ற உத்தரவு நிற்பதே இல்லை. 2002இல் கண்டறிந்தார்கள். தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் இது உண்டு. பாதத்தில் வருவதில் குறைவு. மாறிய இதே மரபணு எம்ஹெச்சியையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. மார்ட்-1, ஜிபி100 என்று டி செல்கள் அடையாளம் காணும் நிறமிப் புரதங்களையும் குறைத்துவிடுகிறது. குத்தூசியில் ஒன்றுமே வராவிட்டால் தரகர் எதைப் பார்த்துச் சொல்வார்?

பிராஃபை அடக்கும் மாத்திரை கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் புரதங்கள் திரும்பியிருந்தன, டி செல்கள் உள்ளே புகுந்திருந்தன! படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பெரும்பாலும் கட்டி மாத்திரைக்குப் பழகிவிடுகிறது. பிராஃப் மாற்றத்தோடு உடம்பில் பரவிய நோயில், எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியில் (இரண்டு மருந்து சேர்ந்தது) தொடங்கியவர்களில் இரண்டு ஆண்டு கழித்து 100க்கு 72 பேர் உயிரோடு இருந்தார்கள். மாத்திரையில் தொடங்கியவர்களில் 52 பேர். அப்பாவுக்கு நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதை முதலில் தரப்போகிறார்கள், ஏன் என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

கஷாயம் இந்த ஒளிவை விலக்காது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் புற்று மாத்திரையோடு மோதும்.