துப்பத் தெரிய வேண்டும்

கேள்வி: ஒயினைச் சுவைத்து எழுதுவதெல்லாம் ஒரு தொழிலா?

பதில்: இங்கிலாந்தின் ஜான்சிஸ் ராபின்சனுக்கு ஐம்பது வருடத் தொழில்! ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் தத்துவமும் படித்தவர், 1975-ல் ஒயின் வியாபாரிகளுக்கான பத்திரிகையில் உதவி ஆசிரியரானார். 1983-ல் பிரிட்டனின் சேனல் 4-ல் ஒயின் பற்றித் தொலைக்காட்சித் தொடர். மறு வருடம் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ என்ற ஒயின் நிபுணர் பட்டம். வியாபாரத்துக்கு வெளியே இருந்து அதில் தேறிய முதல் ஆள் அவர்தான்.

லேசான தேர்வல்ல அது. எழுத்துத் தாள்கள் தனி. சுவைத் தேர்வில் மூன்று தாள், தாளுக்கு 12 ஒயின், லேபிள் கிடையாது. திராட்சை எந்த ரகம், எந்த ஊர், எப்படித் தயாரித்தது, தரம் என்ன என்று எழுத வேண்டும். பெயரைச் சரியாக ஊகித்தால் மட்டும் போதாது. புளிப்பு, துவர்ப்பு, ஓக் பீப்பாயின் வாசனை என்று கோப்பையிலிருந்தே காரணம் காட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். விழுங்கவும் கூடாது, துப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பாதியிலேயே புத்தி மழுங்கிவிடும்.

டிவி புகழைவிட, 1994-ல் அவர் பதிப்பித்த ‘ஆக்ஸ்ஃபோர்டு கம்பானியன் டு ஒயின்’ கலைக்களஞ்சியத்தைத்தான் பெரிய வேலை என்பேன். ஃபைனான்ஷியல் டைம்ஸில் பத்தியும் எழுதுகிறார். ஒயினுக்கு அவர் மதிப்பெண் போடுவது 20-க்கு. அமெரிக்கர்களைப் போல 100-க்கு அல்ல.