கஸாலா கேட்ட கேள்வி

அன்புள்ள சார்,

'ஹைதர்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். தபு நடித்த கஸாலாவை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கணவரை ராணுவம் பிடித்துக்கொண்டு போய், உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நேரத்தில், கணவரின் தம்பி வீட்டில் பாட்டும் சிரிப்புமாக இருக்கிறாளே! என் வீட்டுக்காரரோ "அவ பாவம்" என்கிறார். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. ஆனால் முழுக்க இல்லை.

அந்தச் சிரிப்பு இருக்கட்டும், படத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். 1995, காஷ்மீர். கஸாலாவின் கணவர் டாக்டர் ஹிலால் மீர் ஒரு தீவிரவாதத் தலைவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்யத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்று கஸாலா கேட்கிறாள். உயிரின் பக்கம் என்கிறார் டாக்டர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவள் மனைவி. அவளுக்கு அது அரசியல் கேள்வியே இல்லை, நாளைக்கு இந்த வீடு இருக்குமா என்ற கேள்வி. வீடு என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் அவள்! டாக்டர் பதில் சொல்லிவிட்டார், கணவன் சொல்லவில்லை. அந்தத் தாம்பத்தியம் முறிந்த இடம் இதுதான் என்பேன். ராணுவம் வந்தது அப்புறம்தான். அவள் பயந்துபோய்க் கொழுந்தன் குர்ரமிடம் சொல்ல, அவன் வழியாகச் சேதி போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. சுற்றிவளைப்பு, முகமூடி போட்ட ஆள்காட்டி, வீடு தரைமட்டம்.

அதற்குப் பிறகு அவள் யார்? மனைவியா, விதவையா? காஷ்மீரில் இப்படிப்பட்ட பெண்களை 'அரை விதவை' என்கிறார்கள். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்பது சட்டம். மறுமணத்துக்கு எத்தனை ஆண்டு காத்திருப்பது என்பதில் உலமாக்களிடையே, அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்களிடையே, ஒத்த கருத்து இல்லாமல் இருந்தது. நான்கு ஆண்டு போதும் என்று அங்குள்ள உலமாக்கள் கூடி முடிவு சொன்னதே 2013 கடைசியில்தான். இன்னொரு பக்கம், பென்ஷன், சொத்து, ரேஷன் என்று எதற்குப் போனாலும் இறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள். இயக்குநர் விஷால் பரத்வாஜுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய பஷாரத் பீர் காஷ்மீர்க்காரர். இந்தச் சங்கடம் படத்தில் வெறும் தகவலாக நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, உங்கள் வீட்டுக்காரரோடு எங்கே முரண்படுகிறேன்? 'பாவம்' என்ற சொல்லில். கஸாலாவை அப்படிச் சுலபமாக முடித்துவிட முடியாது. கணவனிடம் கிடைக்காத கவனம் குர்ரமிடம் கிடைத்தது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. தபு இதை ஒளிக்கவில்லை, அழுது சமாளிக்கவும் இல்லை. தன் பயம் கணவனைக் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்த பிறகும் அவள் அந்த வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும். நீங்கள் பார்த்த சிரிப்பில் அதுவும் இருக்கிறது.

முடிந்தால் இருவரும் சேர்ந்து அந்த ஆபரேஷன் ராத்திரியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். டாக்டரை விட்டுவிட்டு, தபுவின் முகத்தை மட்டும்.