காயில் கட்டும் கைக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

போன வாரம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பில் 331 மதிப்பெண் எடுத்த பையன், கூடவே பையனின் பெரியப்பா. பேச்சு முழுவதும் பெரியப்பாவுடையதுதான். அவருடைய மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அதனால் தம்பி மகனும் பதினொன்றில் கணினி அறிவியல் எடுக்க வேண்டும், பிறகு கோவையில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. சேர வேண்டும் என்று முடிவே செய்துவிட்டு வந்திருந்தார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த மார்க்குக்கு நல்ல காலேஜ் கிடைக்குமா சார்?"

பையன் வாயைத் திறக்கவில்லை. நகக்கண்ணில் வார்னிஷ் கறை இருந்தது. விசாரித்தேன். விடுமுறை நாட்களில் தாய்மாமனின் வைண்டிங் கடையில் மோனோபிளாக் பம்ப் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுகிறானாம். எத்தனை சுற்று போடுவாய் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மோட்டாரைப் பொறுத்து சார். பழைய காயிலைப் பிரிக்கும்போதே சுற்றை எண்ணி, கம்பியின் கேஜையும், அதாவது தடிமனையும், குறித்துக்கொள்வேன்." அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பையனின் அப்பாவுக்குச் சொல்கிறேன். ஐயா, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். உங்கள் கணக்கைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. இரண்டு வருடப் பள்ளிக் கட்டணம், டியூஷன், நான்கு வருடக் கல்லூரிக் கட்டணம், விடுதி என எல்லாம் சேர்த்துப் பதினொரு லட்சம் என்று எழுதி வந்திருந்தீர்கள். அதில் ஆறு லட்சத்துக்குத் தென்னந்தோப்பை அடமானம் வைப்பதாகத் திட்டம். பையனுக்கு அறிவியலில் 78, கணக்கில் 41. பொறியியலின் முதல் ஆண்டில் வரப்போகும் கணிதத் தாள்களை நினைத்துப் பாருங்கள். அரியர் வைத்துக்கொண்டு நான்கு வருடத்தைத் தள்ளிவிட்டு, கடைசியில் எந்தப் பிரிவில் படித்தோம் என்பதற்கே தொடர்பில்லாத வேலையில் உட்காரும் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். தோப்பு மட்டும் வங்கியில் இருக்கும். இந்தத் திட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெரியப்பா கோபித்துக்கொண்டாலும் சரி.

(ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கும் பிள்ளையாக இருந்தால் கணக்கு வேறு. அவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் பையன் தனியார் மெட்ரிக் பள்ளி. அந்தக் கதவு அவனுக்கு இல்லை.)

பிறகு ஏன் வேறு வழியே உங்கள் காதில் விழவில்லை? அதற்கு நம் மாநிலம் தொழில் படிப்பை அமைத்திருக்கும் விதமும் ஒரு காரணம். மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவு பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. பாலிடெக்னிக், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கையில், அதாவது உயர்கல்வித் துறையின் கீழ். ஐடிஐ என்ற தொழிற்பயிற்சி நிலையங்களோ வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைச் சேர்ந்தவை. மூன்றும் மூன்று வீடு. ஒரு வீட்டு வாசலில் நிற்பவருக்கு அடுத்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாது. பள்ளி ஆசிரியர் பதினொன்றாம் வகுப்பின் குரூப்புகளைப் பற்றி மட்டும் சொல்வது அதனால்தான். பாலிடெக்னிக்கைப் பற்றி உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மூன்றாவது வீட்டுக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அரசு ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். ஒரு யூனிட்டில் இருபது பேர்தான். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், பாடப்புத்தகம், சீருடை, காலணி எல்லாம் அரசே கொடுக்கிறது. முதல் வருடம் இரும்பைப் பிடித்து அரம் போட வைப்பார்கள். எலெக்ட்ரீஷியனுக்கு அரம் எதற்கு என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். கை நேராக நிற்பதற்காகத்தான் அது. அப்புறம் கம்பி இணைப்புகள், சால்டரிங், வீட்டு வயரிங், எர்த்திங், டிரான்ஸ்ஃபார்மர். இரண்டாம் வருடம்தான் உங்கள் பையனின் வருடம். டி.சி. மோட்டார், ஏ.சி. மோட்டார், வைண்டிங், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், கன்ட்ரோல் பேனல், இன்வெர்ட்டர், சோலார் என்று போகும். மாமன் கடையில் எண்ணிப் போட்ட சுற்று ஏன் அத்தனை சுற்றாக இருக்க வேண்டும் என்று அங்கேதான் அவனுக்கு விளங்கும். மெக்கர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன், அதாவது மின்காப்பு, பார்ப்பதைக் கடையில் கற்றிருப்பான். அந்த அளவு எதைச் சொல்கிறது என்பதை வகுப்பில் கற்பான்.

இடிந்த கூரையும் துருப்பிடித்த லேத்தும்தான் ஐடிஐ என்று பெரியப்பா சொன்னார். அவர் பார்த்தது பழைய படம். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் மாற்றி அமைத்திருக்கிறார்கள். ரோபோ, கணினி இயக்கும் நவீன சி.என்.சி. எந்திரங்கள், மின்வாகனப் பழுதுபார்ப்பு என்று புதுப் பிரிவுகள் வந்திருக்கின்றன. எல்லா ஐடிஐயும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. பணிமனையை உங்கள் கண்ணால் பாருங்கள். தனியார் ஐடிஐ என்றால், தேசியச் சான்றிதழ் தரும் அங்கீகாரம் குறிப்பாக அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

"அப்படியானால் பையன் டிகிரி வாங்கவே மாட்டானா?" என்று அம்மா கேட்டார்கள். அதுதான் யாரும் சொல்லாத பகுதி, அம்மா. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எண்ணிப் பாருங்கள்: ஐடிஐ இரண்டு, டிப்ளமா இரண்டு, பி.இ. மூன்று. ஆக ஏழு வருடம். பெரியப்பா சொல்லும் வழியில் ஆறு. ஒரு வருடம்தான் அதிகம். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், எந்தப் படியிலும் இறங்கி வேலைக்குப் போகலாம். தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால், ஐடிஐ படிப்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகவும் எடுத்துக்கொள்ளப்படும்.

ஐடிஐ முடித்ததும் அவன் அப்ரண்டிஸாக, அதாவது நிறுவனத்தில் வேலை கற்கும் தொழில் பழகுநராக, போக வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குறிப்பிட்ட சதவீதம் பழகுநர்களை எடுத்தே தீர வேண்டும். சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல் (BHEL) போன்ற இடங்கள் ஐடிஐ முடித்தவர்களை எடுக்கின்றன. ரயில்வேயின் உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் பத்தாம் வகுப்போடு ஐடிஐ தகுதி. மின்வாரியத்தின் கள உதவியாளர் பணிக்குக் கேட்பதே இந்தச் சான்றிதழைத்தான்.

இனிப்பாக மட்டும் சொல்லக் கூடாது. பழகுநர் என்ற பெயரில் மலிவான கூலியாள் தேடும் கம்பெனிகள் உண்டு. வருடம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாகவே பத்து வருடம் ஓட்டியவர்களையும் தெரியும். ஆரம்பச் சம்பளம் உங்கள் அண்ணன் மகனுடையதுபோல் இருக்காது. அதனால்தான் டிப்ளமா படியை விட வேண்டாம் என்கிறேன்.

கிளம்பும்போது அம்மா தாழ்ந்த குரலில், "ஐடிஐ என்றால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா?" என்றார்கள். பதினைந்து வயதுப் பையனின் கல்யாணத்துக்காக அவன் படிப்பைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியாது, அம்மா. தோப்பு அடமானத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலும் பெண் வீட்டார் யோசிக்கத்தான் செய்வார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பதினொன்றாம் வகுப்புக்காகப் பள்ளியில் கட்டச் சொல்லும் முன்பணத்தைக் கட்டாதீர்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் வாங்கி வையுங்கள். அரசு ஐடிஐ கலந்தாய்வுக்கான விண்ணப்பம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததுமே ஆரம்பித்துவிடும், எலெக்ட்ரீஷியன் இடங்கள் முதல் சுற்றிலேயே தீரும். ஐடிஐயைப் பார்க்கப் போகும்போது பெரியப்பாவை விட்டுவிட்டுத் தாய்மாமனை அழைத்துப் போங்கள். பணிமனையில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.